குதிரை மூட்டுக்குள் ஊசி: எங்கே கை போதும், எங்கே கண் வேண்டும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கால்நடை மருத்துவருக்கு உதவியாளர் என்பேன். உடனே அவர்கள் வீட்டுப் பூனைக்கு முடி கொட்டுவதைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். இல்லை, நான் பார்ப்பது குதிரைகள் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "கிராஞ்சியைத்தான் மூடிட்டாங்களே, இன்னும் குதிரை எங்க இருக்கு?"

இருக்கிறது. 2024 அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தய மைதானத்தில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது உண்மைதான். 1842-இல் இப்போதைய ஃபேரர் பார்க் பக்கம் தொடங்கி, 1933-இல் புக்கிட் தீமாவுக்கும் 1999-இல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய ஒரு கதை அன்றோடு முடிந்தது. (ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அங்கே நிஜமாகவே குதிரை ஓடியது தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.) ஆனால் போலோ கிளப் 1886-இலிருந்து இருக்கிறது. புக்கிட் தீமா சேடில் கிளப் 1951-இல் தொடங்கியது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கும் வேலை அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. உடற்குறை உள்ளவர்களுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் சங்கம் 1982-இலிருந்து இயங்குகிறது. இவை தவிரச் சின்னச் சின்னச் சவாரிப் பள்ளிகளும் உண்டு.

ஒரு வித்தியாசம் என்னவென்றால், கிராஞ்சியில் நான் பார்த்தவை பெரும்பாலும் நான்கைந்து வயது இளசுகள். இப்போது பார்ப்பவற்றில் பதினைந்தைத் தாண்டியவை நிறைய. ஒரு காலத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய கால்கள், இப்போது எட்டு வயதுப் பிள்ளைகளைச் சுமந்து மணல் தரையில் வட்டமடிக்கின்றன. மூட்டு தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த மூட்டுகளுக்குள் மருந்து ஏற்றுவதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். முக்கியமாக, அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே ஊசியைக் கொண்டுபோவது பற்றி. குதிரை வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் "ஸ்கேன் பார்த்துத்தானே போடுவீங்க?" என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் இல்லை என்றால் ஏதோ பழைய காலத்து வைத்தியம் என்று நினைப்பு. எனக்கு அதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுவது என் வேலை இல்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். என் வேலை முடியை மழிப்பது, கழுவுவது, கருவியைத் தயார் செய்வது, டாக்டர் சொல்லும் பக்கம் திரையைத் திருப்புவது, குமிழைத் திருகுவது. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. டாக்டரின் கண் திரையில் இருக்கும்போது, நான் குதிரையையும் பார்க்கலாம், திரையையும் பார்க்கலாம்.

ஊசிக்கு முன்னால் நீண்ட வேலை ஒன்று இருக்கிறது. குதிரை நொண்டுகிறது என்றால் எந்தக் கால் என்பதிலேயே விவாதம் தொடங்கும். முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும், அது பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். கெட்டித் தரையில் நேராக ஓட்டிப் பார்ப்பார்கள், வட்டத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள், மூட்டைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் மெபிவக்கெய்ன் போன்ற மரப்பு மருந்தைக் குளம்புக்கு அருகில் உள்ள நரம்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே போட்டுக்கொண்டு வருவார்கள். எந்த இடம் மரத்ததும் நொண்டல் குறைகிறதோ, வலி அந்த எல்லைக்குள் இருக்கிறது. இன்னும் சந்தேகம் என்றால் அதே மருந்தை மூட்டுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பதும் உண்டு.

இதற்கு அரை நாள் போய்விடும். பொறுமை இல்லாதவர்கள், நேராக ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்பார்கள். பதினைந்து வயதுக் குதிரையின் எந்த மூட்டைப் படம் எடுத்தாலும் ஏதாவது ஒரு குறை தெரியத்தான் செய்யும். படத்தில் கோரமாகத் தெரிகிற மூட்டு வலிக்காமல் இருக்கும். சுத்தமாகத் தெரிகிற மூட்டு உயிரை எடுக்கும். படம் ஊசிக்கு வழி காட்டும், அவ்வளவுதான். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைக் குதிரையின் நடைதான் சொல்ல வேண்டும்.

சரி, ஊருக்குப் போகும் வழி.

சில மூட்டுகளுக்குக் கையே போதும். குளம்புக்கு மேலே, ஆள்காட்டி விரலால் தடவினாலே எலும்பின் முனைகள் தட்டுப்படும் ஃபெட்லாக் மூட்டு அப்படிப்பட்டது. காலை மடக்கிப் பிடித்தால் பின்புறத்துச் சிறு எலும்புக்கும் மேலெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். ஊசி அதற்குள் போனதும், அடிப்பகுதியில் வெளிர் மஞ்சள் திரவம் தானாகவே எட்டிப் பார்க்கும். அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் தொட்டு இழுத்தால் பாகு மாதிரி நூலாக நீள வேண்டும். தண்ணீர் போலச் சட்டென்று அறுந்தால் உள்ளே அழற்சி என்று அர்த்தம். முன்னங்கால் முட்டியும் அப்படித்தான். மடக்கினால் தசைநாணுக்கு இரு பக்கமும் குழி விழும், வாயைத் திறந்து காட்டுவது போல. பின்னங்காலின் ஹாக் பகுதியில் (நம் கணுக்காலுக்கு ஈடான இடம்) மேலே இருக்கும் பெரிய மூட்டும் எளிதுதான். உட்பக்கம் மேலோட்டமாக ஓடும் பெரிய ரத்தக் குழாயைத் தவிர்த்தால் சரி. இந்த இடங்களில் ஸ்கேன் வேண்டும் என்று அடம்பிடிக்கும் உரிமையாளரிடம், பணம் உங்களுடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அதே ஹாக்கின் அடிப்பகுதிக்குப் போனால் கதை வேறு. ஹாக் ஒரே மூட்டு இல்லை, அடுக்கடுக்காக நான்கு. மேல் மூட்டுதான் நன்றாக அசைகிறது. கீழே உள்ள இரண்டும் ஏறக்குறைய அசையாதவை, ஆனால் வயதான குதிரைக்கு அதிகம் தேய்வது அவைதான். அடியில் இருப்பதற்கு வெளிப்பக்கத்திலிருந்து ஊசி போகும், பழகிய கைக்கு அது பெரிய சிரமம் இல்லை. அதற்கு மேலே இருப்பதுதான் தொல்லை. உட்பக்கத்தில், ஒரு தசைநாணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குறுகலான இடுக்கு. மெல்லிய 25 கேஜ் ஊசிதான் நுழையும். தேய்மானம் முற்றினால் அந்த இடுக்கும் அடைந்துகொண்டே வரும். இரண்டு மூட்டுகளுக்கும் நடுவே சில குதிரைகளுக்கு வழி இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. ஆகவே கீழே போட்ட மருந்து மேலே ஏறிவிடும் என்று நம்பிவிட முடியாது. இங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்து ஊசி முனை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது வீண் செலவு இல்லை.

குளம்புக்குள் இருக்கும் நேவிகுலர் பர்சாவுக்கு எக்ஸ்ரே கட்டாயம் என்றே சொல்வேன். அது மூட்டு இல்லை. நேவிகுலர் எலும்புக்கும் அதன் மேல் வழுக்கிப் போகும் தசைநாணுக்கும் நடுவே உள்ள ஒரு சின்னத் திரவப் பை. குதிகாலின் இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்து நீளமான ஊசி உள்ளே போய், தசைநாணைத் துளைத்து, எலும்பில் முட்ட வேண்டும். அல்ட்ராசவுண்ட் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது, ஏனென்றால் காய்ந்த, கெட்டியான குளம்பு ஓட்டுக்குள் ஒலி ஊடுருவுவதில்லை. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, ஊசியைத் திருத்தி, மறுபடியும் எடுத்து, மருந்தோடு கொஞ்சம் சாயத்தையும் கலந்து போடுவார்கள். சாயம் பைக்குள் மட்டும் நிறைந்தால் வெற்றி. பக்கத்து மூட்டுக்குள் வழிந்திருந்தால், நீங்கள் எதற்கு மருந்து போட்டீர்கள் என்பதே மாறிவிடுகிறது. கதிர்வீச்சுக் கருவி என்பதால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். உச்சி வெயிலில், காற்று அசையாத லாயத்தில், ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு குதிரைக் காலருகே குந்தியிருக்கும் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி அல்ட்ராசவுண்ட். இதன் அடிப்படை எளிது. தோலின் மேல் வைக்கும் கைப்பிடிக் கருவியான புரோப் ஒலியை அனுப்புகிறது. தசையில் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிட்டுப் படமாக வரைகிறது. திரவம் கறுப்பாகத் தெரியும். எலும்பின் மேற்பரப்பு பளிச்சென்ற வெள்ளைக் கோடு, அதற்குப் பின்னால் வெறும் இருட்டு, ஏனென்றால் ஒலி எலும்பைத் தாண்டுவதில்லை. மேலோட்டமான மூட்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய புரோப், கூர்மையான படம் தரும். ஆழமான இடத்துக்கு 5-க்கும் கீழே இறங்க வேண்டும். அப்போது எட்டும் தூரம் கூடும், கூர்மை குறையும்.

ஊசியும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், ஆனால் ஒலிக்கற்றைக்குக் குறுக்கே இருந்தால் மட்டும். கற்றைக்கு இணையாகச் செங்குத்தாக இறங்கினால் எதிரொலி புரோப்புக்குத் திரும்பாமல் சிதறி, ஊசி காணாமல் போய்விடும். தவிர, அந்தக் கற்றை மிக மெல்லியது, பேருந்திலும் ரயிலிலும் தட்டும் நம் ஈஸி-லிங்க் அட்டையின் தடிமனை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஊசி முழு நீளத்துக்கும் அந்தத் தளத்துக்குள்ளேயே போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் திரையில் பாதி ஊசிதான் இருக்கும், மீதி எங்கே போகிறது என்று தெரியாது. ஊசி முனை என்று நாம் நினைப்பது உண்மையில் ஊசியின் நடுப்பகுதியாக இருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முனையைக் கண்டுபிடிக்க ஊசியை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஒரு சொட்டு மருந்தைச் செலுத்துவார்கள், அதிலுள்ள நுண்ணிய காற்றுக் குமிழிகள் திரையில் மினுக்கிக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எங்கே பயன்? கழுத்தில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குதிரைக்கும் நம்மைப் போலக் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். இரண்டாவது எலும்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஜோடி எலும்புக்கும் நடுவே, இடமும் வலமுமாக இரண்டு சிறிய மூட்டுகள். ஐந்துக்கும் ஆறுக்கும், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ளவைதான் பெரும்பாலும் தேய்ந்து வீங்குகின்றன. தேய்ந்தால் கழுத்து விறைக்கும், ஒரு பக்கம் வளைய மறுக்கும், சில சமயம் முன்னங்கால் நொண்டலாக வெளிப்படும். வீக்கம் உட்பக்கம் வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கினால் குதிரை தள்ளாட ஆரம்பிக்கும்.

ஒரு சவாரிப் பள்ளியில் பழைய பந்தயக் குதிரை ஒன்று. நிஜப் பெயர் நீளமான ஆங்கிலப் பெயர். லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் எல்லாக் குதிரைக்கும் வைக்கும் பெயர் ராஜா, இதற்கும் அதேதான். அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பந்தயம் புக்கிட் தீமாவில் நடந்த காலத்திலிருந்து குதிரைகளோடு இருப்பவர். சவாரி ஆசிரியர் எங்களை அழைத்தது, குதிரை இடது பக்கம் திரும்ப அடம்பிடிக்கிறது, ஒழுங்காகப் பழக்க வேண்டும், அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று. கால்களை ஓட்டிப் பார்த்ததில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. அண்ணன்தான் மெதுவாக என் பக்கம் வந்தார்.

"தம்பி, இவன் அடமெல்லாம் பிடிக்கல. தரையில புல்லு போட்டா ரெண்டு காலையும் அகட்டி வச்சுக்கிட்டுத்தான் குனியுறான். முன்னாடி இப்படி இல்ல."

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு கேரட்டை எடுத்து முதலில் வலது விலாப் பக்கம் நீட்டினார், ராஜா கழுத்தை வளைத்து வாங்கிக்கொண்டான். இடது பக்கம் நீட்டியபோது கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது. உடம்பையே சுற்றிக்கொண்டு வந்து கேரட்டை வாங்கினான். எக்ஸ்ரேயில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே மூட்டு உருண்டு பெருத்திருந்தது.

ஊசி போடும் நாளில் குதிரையைப் படுக்க வைப்பதில்லை. டெட்டோமிடினும் பியூட்டோர்ஃபனாலும் கொடுத்தால் நின்றபடியே அரைத்தூக்கத்தில் இருக்கும். தலை தொங்கும், கீழுதடு தளரும். தலையை ஒரு தாங்கியில் வைத்துக் கழுத்தை நேராக நிறுத்துவோம். கழுத்து கொஞ்சம் திரும்பியிருந்தாலும் திரையில் எல்லாம் கோணலாகிவிடும். இந்த மருந்து குதிரைக்கு வியர்வையைக் கிளப்பும். நம் ஊர் புழுக்கத்தில் அது கேட்கவே வேண்டாம். நான் நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்த இடத்துக்கு மேலே, மழிக்காத பிடரிமுடியிலிருந்து அழுக்கு வியர்வை கோடு போட்டு இறங்கப் பார்க்கும். அதற்காகவே மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிடுவேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

முடியை மழிக்காமலே மூட்டு ஊசி போடலாமா என்று மருத்துவர்களுக்குள் ஒரு விவாதம் உண்டு. நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், முடி இருப்பதால் கிருமி கூடுவதில்லை என்று காட்டிய ஆய்வு இருக்கிறது. ஆனால் ஸ்கேன் என்றால் மழித்தே ஆக வேண்டும். முடிக்கு நடுவே சிக்கும் காற்று ஒலியை உள்ளே விடாது. மழித்து, குளோர்ஹெக்சிடினால் ஐந்து நிமிடமாவது தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைப்பேன். புரோப்புக்குள்ளே ஜெல் விட்டு, அதன் மேல் கிருமி நீக்கிய கையுறையை மாட்டி, வெளியே கிருமி நீக்கிய ஜெல்லோ ஸ்பிரிட்டோ. ஸ்பிரிட் படத்துக்கு நல்லது, புரோப்புக்குக் கெடுதல். அதன் முகப்பு ரப்பரை நாளடைவில் தின்றுவிடும். புரோப்பின் விலை தெரிந்தவர்கள் ஜெல்லைத் தேர்ந்தெடுப்பார்கள்.

திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறத் தசை. டாக்டர் புரோப்பைக் கழுத்தின் குறுக்கே வைத்து, தோள்பட்டையை நோக்கி மெல்ல நகர்த்துகிறார். ஒரு வெள்ளை மேடு வருகிறது, மறைகிறது. அடுத்த மேடு. அப்புறம் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒரு நாற்காலியின் பக்கவாட்டுத் தோற்றம் போல ஒன்றின் மேல் ஒன்றாக அமைகின்றன. அவற்றுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடுக்கு. அதுதான் மூட்டின் வாய். தோலிலிருந்து அது சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும், சதைப்பிடிப்பான குதிரைக்கு இன்னும் கூடுதல். அதற்கு அப்பால், எலும்புக்கு உட்பக்கம், தண்டுவடம் ஓடும் பாதை. ஆகவே "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்பதை இங்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒன்பது சென்டிமீட்டர் நீள ஊசி, புரோப்பின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே தோலைத் துளைத்தது. அண்ணன் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ராஜாவின் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அரைமயக்கத்தில் இருக்கும் குதிரை தூங்குகிறது என்று நம்பி அசட்டையாக நிற்கக் கூடாது. திடீரென்று உதைக்கும், அதுவும் குறி தப்பாமல். திரையில் கோடு சாய்வாக இறங்கியது. முதலில் எலும்பில் முட்டியது. டாக்டர் சற்று வெளியே இழுத்து, கோணத்தை மாற்றி, மறுபடியும் இறக்கினார். இந்த முறை கோடு கறுப்பு இடுக்குக்குள் நழுவியது. திரவம் எதுவும் வெளியே வரவில்லை, கழுத்து மூட்டில் பெரும்பாலும் வராது. கையை மட்டும் நம்பியிருந்தால், உள்ளே இருக்கிறோமா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. மருந்து செலுத்தியபோது தடை இல்லாமல் போனது. மூட்டுறை லேசாக உப்பியது திரையில் தெரிந்தது. மறு பக்கமும் அப்படியே.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன தம்பி தெரியுது, எனக்கு மழை பெய்யுற டிவி மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது என்றேன்.

இடுப்பு எலும்பு முதுகெலும்போடு சேரும் இடமும் கழுத்து மாதிரிதான், இன்னும் ஆழம். அங்கே பதினைந்து, இருபது சென்டிமீட்டர் ஊசி போக வேண்டும், பக்கத்திலேயே பின்னங்காலுக்குப் போகும் பெரிய நரம்பு. மரப்பு மருந்து அந்த நரம்பில் பட்டால் குதிரை பின்பக்கம் தள்ளாடி விழவும் கூடும். அரை டன் எடையுள்ள பிராணி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் பார்த்துப் போட்டாலும் அந்த மூட்டுக்குள்ளேயே ஊசி போவது அபூர்வம். அதைச் சுற்றித்தான் மருந்து பரவுகிறது. தொடை மூட்டுக்கும் நீளமான ஊசியும் ஸ்கேனும் வேண்டும். இவற்றில் கண்ணை மூடிக்கொண்டு குத்தும் காலம் போய்விட்டது, போனதும் நல்லதுதான்.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அருகதை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். முன்னணியில் இருப்பது ஸ்டீராய்ட். அதில் ட்ரையம்சினோலோன் குருத்தெலும்புக்குச் சாதகமாகவும், மெதில்பிரெட்னிசோலோன் பாதகமாகவும் இருப்பதாகக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் 1990-களில் காட்டின. அதனால் பின்னது, அதிகம் அசையாத ஹாக்கின் கீழ் மூட்டு போன்ற இடங்களுக்கு ஒதுங்கிவிட்டது. ஸ்டீராய்ட் போட்டால் குளம்பழற்சி வந்துவிடும் என்ற பயம் நெடுநாளாக உண்டு. மொத்த ட்ரையம்சினோலோன் அளவை 18 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதிலிருந்து வந்தது. அந்த ஆபத்து நினைத்ததை விடக் குறைவு என்பதே இப்போதைய போக்கு, ஆனாலும் பருத்த, சர்க்கரைக் கோளாறுள்ள குதிரை என்றால் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஹையலுரானிக் அமிலம், குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் திரவம், பாலியக்ரிலமைட் ஜெல் என்று பட்டியல் நீளும். ஆளுக்கொரு மருந்தில் நம்பிக்கை.

எந்த மருந்தானாலும் பயப்பட வேண்டியது தொற்று. அரிதுதான், ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்த ஒன்று வந்த குதிரையின் மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். ஊசி போட்ட மறுநாளே சில குதிரைக்கு மருந்தின் எரிச்சலால் மூட்டு வீங்கும், தணிந்துவிடும். நாலைந்து நாள் கழித்துக் காலை ஊன்றவே முடியாமல் நின்றால் அது வேறு. ஸ்டீராய்ட் அறிகுறிகளை மூடி மறைப்பதால் தாமதமாகவும் வெளிப்படலாம். இரண்டில் எது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் நான் மரியாதையை மறந்து பேசிவிடுவேன்.

வலி போனதும் குதிரை குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த பெரிய தொல்லை. பந்தய உலகம் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. வலி மறைந்த மூட்டில் விரிசல் இருந்தால், முழு வேகத்தில் அது முறியும். அமெரிக்காவில் இப்போதுள்ள தேசிய விதிப்படி, மூட்டு ஊசி போட்ட குதிரை 14 நாள் பந்தயம் ஓடக் கூடாது, 7 நாள் நேரக் கணக்கெடுக்கும் வேகப் பயிற்சியும் கூடாது. சவாரிப் பள்ளிக்கு அப்படி விதி எதுவும் இல்லை. சனிக்கிழமை வகுப்புகளுக்கு முன்பதிவு நிறைந்திருக்கும், குதிரைகள் குறைவு, வியாழன் ஊசி போட்டதைச் சனிக்கிழமை இறக்கத் தோன்றும். அந்த இழுபறியில் எந்தப் பக்கமும் வில்லன் இல்லை. வாடகை ஏறுகிறது, வைக்கோல் கப்பலில் வருகிறது, எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் நான் குதிரைப் பக்கம்.

கையடக்க புரோப்புகள் வந்துவிட்டன. கைபேசியோடு கம்பியில்லாமல் இணைத்துக்கொள்ளலாம். வெயிலில் திரை தெரியாத சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. லாயத்தின் இருண்ட மூலையைத் தேடிப் போக வேண்டும், அல்லது திரைக்கு மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். கருவி மலிவாக ஆக, படம் எடுப்பது கூடும். அப்போது ஓட்டிப் பார்க்கும் அரை நாளை மிச்சம் பிடிக்கும் ஆசையும் கூடும் என்பதுதான் என் கவலை. ராஜா விஷயத்தில் முதல் துப்பு அண்ணனிடமிருந்துதான் வந்தது, அவருக்கு அந்தத் திரையில் மழைதான் தெரிந்தது.

இப்போது ராஜா இடது பக்கம் கேரட் வாங்குகிறான், முழுதாக இல்லாவிட்டாலும். அடுத்த ஊசி எப்போது என்று சவாரி ஆசிரியர் கேட்டார். டாக்டர் தேதி எதுவும் தரவில்லை. வைக்கோல் வலையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிக் கட்டச் சொன்னார், லாடக்காரரை வரவழைத்து முன்னங்கால் லாடத்தைச் சரிபார்க்கச் சொன்னார், முதல் வாரம் கையில் பிடித்து நடத்துவது மட்டும், ஆறு வாரம் கழித்து ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.